தப்பான வழக்கில் ஜெயிலில் கிடந்தவர்களுக்கு விடுதலைக்கு அப்புறம் என்ன கிடைத்தது? பார்த்ததைச் சொல்லுங்கள்

தறிக்கணக்கு, குமாரபாளையம்:

நான் கணக்கு எழுதும் பட்டறையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவரை ஒரு கொலை வழக்கில் பிடித்துப் போனார்கள். ஜாமீன் மனு போட்டதெல்லாம் தள்ளுபடி. வாய்தா வாய்தாவாக இழுத்து, நாலு வருஷத்துக்கு மேல் விசாரணைக் கைதியாகவே உள்ளே இருந்தார். கடைசியில் அவருக்கு எதிராக ஒரு சாட்சியும் நிற்கவில்லை, செஷன்ஸ் கோர்ட் விடுதலை செய்துவிட்டது. பிடித்த அன்று பேப்பரில் போட்டோ போட்டார்கள். விடுதலை பற்றி ஒரு வரிகூட வரவில்லை.

தறி ஊர்க்காரர்களுக்கு அட்வான்ஸ் கதை தெரியும். வேலைக்குச் சேரும்போது வாங்கிய பணம் அவர் பேரில் நின்றது. அவர் உள்ளே போனதும் முதலாளி அதை அவர் மனைவி தலையில் கட்டிவிட்டார். அந்தம்மா அதற்கு முன் வீட்டில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவர். நைட் ஷிப்ட் ஓட்டித்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைத்தார்.

நஷ்டஈடு கேட்கலாம் என்று சொன்ன வக்கீல் முதலில் வருமானத்துக்கு ஆதாரம் கேட்டார். தறி ஓட்டுகிறவருக்குச் சம்பளச் சீட்டு ஏது? இருப்பது என் கூலி நோட்டு ஒன்றுதான். மீட்டர், கூலி, அட்வான்ஸ் பிடித்தம் என்று மூன்று கட்டம். அவர் கணக்கு ஒரு சனிக்கிழமையோடு நிற்கிறது, அதற்குக் கீழே அதே கடன் பாக்கியோடு மனைவி பேர் ஆரம்பிக்கிறது. அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். சொன்னால் கூண்டில் ஏறிச் சாட்சியும் சொல்வேன்.

அவர் என்னிடம் சொன்னது இதுதான்: “பணம் வந்தா வரட்டுங்ணா. எம்மேல தப்பில்லைன்னு கவர்மெண்டு ஒரு சீட்டுல எழுதிக் குடுக்கட்டும். புள்ளையப் பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்டக் காட்டோணும்.”

பர்கூர் மலை:

எங்கள் பக்கத்துக் கதை பழசு, ஆனால் ஆறவில்லை. வீரப்பன் தேடுதல் காலத்தில் மலை ஊர்க்காரர்களைத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் போட்டு மைசூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள். 2001-இல் நூறு பேருக்கு மேல் குற்றமற்றவர்கள் என்று வெளியே வந்தார்கள். ஏறக்குறைய எட்டு வருஷம் கழித்து! எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் அதில் உண்டு. திரும்பி வந்தபோது ஆடு மாடு ஒன்றும் மிச்சமில்லை, அவருடைய அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார்.

வீரப்பனைத் தேடிய அதிரடிப்படைமேல் வந்த புகார்களை விசாரிக்க மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா குழுவைப் போட்டது. அதன் பேரில் 2007-இல் 89 பேருக்கு மொத்தம் 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் அறிவித்தார்கள். எங்கள் பெரியவர் அந்தப் பட்டியலில் இல்லை. குழுவின் முன்னால் போய்ப் பேசினால் மறுபடி பிடித்துப் போவார்களோ என்று அவர் போகவே இல்லை. எட்டு வருஷம் உள்ளே கிடந்த மனுஷனுக்கு அந்தப் பயம் இருக்காதா? வந்து வாய் திறந்தவர்களுக்குத்தான் நிவாரணம் என்றால், அதிகம் அடிபட்டவர்தான் முதலில் விடுபடுவார்.

வக்கீல், கோபி:

குமாரபாளையம் அண்ணா, முதலில் தீர்ப்புத் தேதியைப் பாருங்கள். பொய் வழக்குக்கு நஷ்டஈடு கேட்கும் சிவில் வழக்கை, விடுதலையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் அப்படி. வெளியே வந்தவர் வேலை தேடி, கடனைக் கட்டி, நிமிர்வதற்குள் அந்த ஓராண்டு போய்விடுகிறது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்கு அப்புறம்தான் வருகிறார்கள்.

விடுதலை ஆனதே போதும் என்றும் நினைக்காதீர்கள். தகுந்த காரணமே இல்லாமல், கெட்ட எண்ணத்தோடு வழக்குப் போட்டார்கள் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பில் ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று இருந்தால் அரசுத் தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது, காரணமில்லாமல் கைது செய்யவைத்தவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று. அதன் உச்சவரம்பு 1,000 ரூபாய். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்தபோதும் அந்தத் தொகையை ஏற்றவில்லை. இதைக் கட்சிக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

பெரிய தொகை வந்ததெல்லாம் ரிட் வழக்கில்தான், அதாவது அரசு அடிப்படை உரிமையைப் பறித்தது என்று உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நேராகப் போடும் வழக்கில். பீகாரில் ருதுல் ஷா 1968-லேயே விடுதலையானவர், 1982 வரை வெளியே விடவில்லை. 1983-இல் உச்ச நீதிமன்றம் 30,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணனைக் கைது செய்தது 1994-இல், 50 லட்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது 2018-இல். பிறகு கேரள அரசு 1.30 கோடி கொடுத்தது. அத்தனை வருஷம் விடாமல் போராட ஒரு தறித் தொழிலாளிக்குத் தெம்பு எங்கே? அதே 2018-இல் சட்ட ஆணையம் தன் 277-ஆவது அறிக்கையில், இதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவுகளும் சிறப்பு நீதிமன்றமும் வேண்டும் என்றது. இன்னும் சட்டமாகவில்லை.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் வரம்புக்குள் இருந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே கிடையாது. 15100-க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள்.

தறிக்கணக்கு, குமாரபாளையம்:

தீர்ப்பு வந்து ஏழு மாதம் ஆகிறதுங்க. திங்கட்கிழமை அவரை நாமக்கல் கூட்டிப் போகிறேன், நோட்டும் கையோடு வரும்.

பர்கூர் மலை:

எங்கள் பெரியவருக்கு இனி வழி உண்டுங்களா?

வக்கீல், கோபி:

சிவில் வழக்கு போனது போனதுதான். ரிட்டுக்கு அப்படி ஓராண்டுக் கெடு கிடையாது, ஆனால் ஏன் இத்தனை தாமதம் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பயந்துகொண்டு போகவில்லை என்பதை அவர் வாயாலேயே பிரமாண வாக்குமூலமாக எழுதிவிடலாம். வழக்கு மைசூரில் நடந்ததால் அநேகமாகப் பெங்களூருக்குத்தான் போக வேண்டியிருக்கும். பழைய தீர்ப்பு நகல் அவரிடம் இல்லாவிட்டால் அதற்கு முதலில் மனுப் போடுவோம். அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.