படகின் பின்கம்பி ஆன்டெனா: 14 மெகாஹெர்ட்ஸில் ட்யூன் ஆகவில்லை, யோசனை தேவை

வணக்கம். நாங்கள் இருவர் வேலையை விட்டுவிட்டுப் பாய்மரப் படகில் கிளம்புகிறோம். மலாக்கா நீரிணை வழியே லங்காவி, அப்புறம் அந்தமான் கடல். சாட்டிலைட் கருவி இருக்கிறது, அந்தப் பேச்சு வேண்டாம். 1999 பிப்ரவரி 1-ஓடு கப்பல்களில் மோர்ஸ் கட்டாயம் இல்லாமல் போனாலும், ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) அலைவரிசையில் மோர்ஸில் தட்டிப் பேசத்தான் ஆசை.

பாய்மர உச்சியிலிருந்து பின்பக்கம் இறங்கும் எஃகுக் கம்பிதான் ஆன்டெனா. மேலும் கீழும் இன்சுலேட்டர். டியூனரிலிருந்து (ரேடியோவை ஆன்டெனாவோடு பொருத்தும் பெட்டி) வரும் ஒயரையும் சேர்த்து 10.5 மீட்டர். 7 மெகாஹெர்ட்ஸில் உடனே ட்யூன் ஆகிறது, அங்கே அது கால் அலைநீளம். 14-இல் ரிலே கடகடவென்று தட்டிவிட்டு டியூனர் கைவிரிக்கிறது. அங்கே கம்பி அரை அலைநீளம் என்பதால், டியூனர் இணையும் நுனியில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான எதிர்ப்பு) ஆயிரக்கணக்கான ஓம். காரணம் தெரிகிறது, தீர்வில்தான் குழப்பம்.

மேல் இன்சுலேட்டரை 2 மீட்டர் இறக்கினால் 8.5 மீட்டர். தொல்லை 17-18 மெகாஹெர்ட்ஸுக்கு நகரும், பரவாயில்லை. ஆனால் 3.5-இல் இன்னும் பலவீனமாகும். கம்பியை வெட்டாமல், டியூனர் அடியில் 4:1 அன்அன் (இம்பீடன்ஸை நாலில் ஒன்றாகக் குறைக்கும் சின்ன மின்மாற்றி) போட்டு யாராவது சமாளித்திருக்கிறீர்களா? சூடாகிறதா?

இன்னொன்று: சோலார் ரெகுலேட்டர் இரைச்சலில் மெல்லிய சிக்னல் எல்லாம் மூழ்குகிறது. அதை அடக்க ஒயரில் மாட்டும் 31 வகை ஃபெரைட் (காந்தப்பொருள்) வளையம் சிங்கப்பூர் சிம் லிம் டவரில் எந்தக் கடையில் கிடைக்கும்? பழைய மோர்ஸ் சாவி விற்பவர் இருந்தாலும் சொல்லுங்கள். பித்தளை என்றால் உப்புக்காற்றில் பச்சை பூக்கும், துடைத்துக்கொள்கிறோம்.