கோட்டைக்குள்ளே கண்மாயும் மேக்மாவும் கோபுரமும்: ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் பெருவேலை அனுபவங்கள்

வடக்கு மாசி வீதி, மதுரை

ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸில் பெரிய கட்டுமானத்தில் இறங்கியவர்கள் கண்டதை, மேலே தங்கள் ஊர்ப்பெயரைப் போட்டு இங்கே எழுதுங்கள். எத்தனை கட்டம், எத்தனை பம்ப், எந்த இடத்தில் உடைப்பு எடுத்தது, ஏன் எடுத்தது, அந்தக் கணக்குதான் வேண்டும். குள்ளர்களை வைத்துக் கோட்டை கட்டும் கணினி ஆட்டம் இது, 2006 ஆகஸ்டில் முதன்முதலாக வெளிவந்தது. 2022 டிசம்பரில் ஸ்டீம் என்னும் ஆன்லைன் விளையாட்டுக் கடைக்கு வந்து படமும் மவுஸும் சேர்ந்த பிறகு புதியவர்கள் நிறைய வருகிறார்கள். திரை மாறியிருந்தாலும் தண்ணீரும் மேக்மா என்னும் பாறைக்குழம்பும் நடந்துகொள்ளும் விதம் பழையபடியேதான்.

தெப்பக்குளத்தில் தொடங்குகிறேன். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய வண்டியூர் தெப்பக்குளம் ஏறக்குறைய 305 மீட்டருக்கு 290 மீட்டர். ஆட்டத்தில் நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும்; ஒரு கட்டத்தை 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 61க்கு 58, அதாவது 3,538 கட்டம். கோட்டைக்கு இடம் தேர்வு செய்யும்போது நான்குக்கு நான்கு பகுதியாக எடுத்த நிலம் 192க்கு 192 கட்டம் இருக்கும், தாராளமாகப் பிடிக்கும். நடு மண்டபத்துக்கு 13க்கு 13 தீவு விட்டால் மிச்சம் 3,369 கட்டம். ஒரு கட்டத்தில் தண்ணீர் 1 முதல் 7 வரை நிற்கும், 7/7 என்றால் கட்டம் நிறைந்தது. ஒரே தள ஆழத்துக்கே 23,583 அளவு தண்ணீர் வேண்டும். மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்பே இந்த எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஏன் என்றால், 1/7 அளவில் பரவிக் கிடக்கும் தண்ணீர் ஆவியாகிவிடும். ஒரு கட்ட அகல வாய்க்காலில் இவ்வளவு பரப்புக்குத் தண்ணீர் விட்டால், ஓரத்தில் வந்து சேர்வதும் நடுவில் காய்ந்துபோவதும் சரிக்குச் சரியாகி, குளம் சேறாகவே கிடக்கும். வரத்துக்கால் மூன்று கட்ட அகலமாவது இருக்கட்டும். அதிலும் மேல், குளத்தை வரப்பு போட்டு நான்கு பாத்தியாகப் பிரித்து ஒவ்வொன்றாக நிரப்புவது. ஒரு பாத்தி 4/7 தாண்டிய பிறகு அடுத்ததைத் திறந்தால் தண்ணீர் காய்ந்துபோகாது.

மேலிருந்து சேனல் வெட்டினால், அதாவது மேல்தளத்தில் நின்று தரையைத் தோண்டிக் கீழ்த்தளம் வரை திறந்தால், கீழ்த்தளத்தில் கட்டத்துக்குக் கட்டம் சரிவு நிற்கும். நான்கு ஓரத்திலும் இருப்பதைப் படித்துறைக்கு விட்டுவிட்டு, மற்றதை எல்லாம் தனியாக உத்தரவு கொடுத்து எடுக்க வேண்டும். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் இடையில் நிற்கும் கடைசிக் கட்டத்தைச் சுரங்கத்துக்குள் நின்று வெட்டச் சொல்லவே கூடாது, வெட்டுகிறவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். மேல்தளத்தில் நிற்கவைத்து, அந்த ஒற்றைக் கட்டத்தை மட்டும் சேனலாக இறக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் மடைக்கதவு வைத்து, லீவரோடு இணைத்து, திறந்து மூடிப் பார்த்திருக்க வேண்டும்.

சோழவந்தான்

குளம் சரிண்ணே. கோட்டைக்குள்ள கிணத்துக்குத் தண்ணி இறக்கும்போதுதான் நெறைய கோட்டை முங்கிப் போகுது. அதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன்.

ஆத்துல இருந்து பத்துத் தளம் கீழ ஒரு தொட்டி, அதுக்கு மேல கிணறு. கிணத்துக்கு ஒரு பிளாக் (செதுக்குன கட்டி), ஒரு வாளி, ஒரு கயிறு இல்லைன்னா சங்கிலி, ஒரு மெக்கானிசம் (பொறிப் பாகம்), அம்புட்டுதான். தொட்டி நெறஞ்சதும் தண்ணி நின்னுரும்னு நெனைப்பாங்க. நிக்காது. மேல ஆத்துல நிக்கிற தண்ணியோட அழுத்தம் குழாய் வழியா இறங்கி, கிணத்து வாய் வழியா மேல ஏறும். ஆத்து மட்டத்துக்குக் கீழ என்னென்ன தளம் இருக்கோ அத்தனையும் நெறையும்.

அழுத்தம் நேர் வழியில மட்டும்தான் போகும். வடக்கு தெற்கு, கிழக்கு மேற்கு, மேல கீழ. மூலைக்கு மூலை தொடுற வழியில தண்ணி ஓடும், அழுத்தம் ஓடாது. அதனால வாய்க்காலை மேற்கே வெட்டிட்டு வந்து ஒரு இடத்துல நிறுத்துங்க. அடுத்த கட்டத்தை நேர் மேற்கே வெட்டாம தென்மேற்கு மூலையில வெட்டுங்க. அந்த ரெண்டு கட்டத்துக்கும் பொதுவா பக்கம் இருக்கக் கூடாது, மூலை மட்டும்தான் தொடணும். பக்கத்துல இருக்கிற ரெண்டு கட்டமும் வெட்டாத பாறையாவே நிக்கணும். அதுல ஒண்ணை யாராவது கல்லெடுக்க வெட்டிட்டா அன்னைக்கே அழுத்தம் திரும்ப வந்துரும்.

நெறைய பேர் இங்க ஒரு தப்பு பண்றாங்க. மூலை வழியை ஆத்துக்குப் பக்கத்துல, மேல்தளத்துலயே வச்சிட்டு அதுக்கப்புறம் பத்துத் தளம் கீழ இறக்குறாங்க. மூலையைத் தாண்டின தண்ணி திரும்பவும் பத்துத் தளம் உசரமா நிக்குது, அந்த உசரத்துக்கு உண்டான அழுத்தம் புதுசா வந்துருது. மூலை வழி எந்தத் தளத்துல இருக்கோ அந்த மட்டம் வரைக்கும் தண்ணி ஏறும். அதனால தொட்டி இருக்கிற தளத்துலயே, தொட்டிக்கு வாசல்ல வைங்க. தொட்டி 7/7 ஆகும், கிணத்துத் தரை காஞ்சு கெடக்கும்.

மேலூர்

மடை பற்றிச் சொன்னீர்கள், கலுங்கை யாருமே சொல்லவில்லை. கலுங்கு இல்லாத கண்மாய் கரையோடு போகும் என்பது நம் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டத்திலும் மிச்சத் தண்ணீர் வெளியேற ஒரு வழி வேண்டும், அதற்கு நிலத்தின் எல்லையே போதும். எல்லைக் கட்டத்தை வெட்ட விடாது. ஆனால் பாறையாக இருந்தால் இழைக்கலாம், இழைத்த பிறகு அம்பு எய்யும் துளைச்சுவராகச் செதுக்கலாம். அந்தத் துளை வழியாகத் தண்ணீர் நிலத்தை விட்டே போய்விடும். தொட்டியிலிருந்து எல்லை வரை ஒரு கால் வெட்டி, கடைசிக் கட்டத்தை இப்படிச் செதுக்கி, நடுவில் ஒரு மடைக்கதவு போட்டால் தொட்டியைக் காயவைக்கவும் முடியும். அழுத்தத்தோடு வரும் தண்ணீருக்கு வரத்துக்காலைப் போல் இரண்டு பங்கு அகலம் வையுங்கள்.

லீவர் விஷயத்தில் இரண்டு. ஒரு இணைப்புக்கு இரண்டு மெக்கானிசம் போகும்: லீவர் பக்கம் ஒன்று, கதவு பக்கம் ஒன்று. ஒரே லீவரில் எட்டுக் கதவு என்றால் பதினாறு. இரண்டாவது, மடைக்கதவும் பாலமும் லீவரை இழுத்து 100 டிக் (ஆட்டத்தின் நேர அலகு) கழித்துத்தான் அசையும், சாதாரணக் கதவு உடனே அசையும். வெள்ளம் வருவதைப் பார்த்து லீவருக்கு ஆள் ஓடினால், அவன் ஓடும் நேரம், அதற்குமேல் இந்த 100 டிக். தொட்டி முக்கால்வாசி நிரம்பும்போதே மூடச் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளம் கல்லையும் கட்டையையும் உருட்டிக்கொண்டு வரும் இடத்தில் சாதாரணக் கதவு வேண்டாம். நிலையில் ஒரு பொருள் சிக்கினால் மூடாது. அங்கே தூக்குப்பாலம் போடுங்கள்; தூக்கி நின்றால் அது சுவர்.

உசிலம்பட்டி

ஆழத்தில் கிடக்கும் மேக்மாவைத் தளம் தளமாக மேலே ஏற்றும் பம்ப் அடுக்கு. இந்த இழையில் எல்லோரும் கேட்கப்போவது இதுதான் என்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

ஒரு ஸ்க்ரூ பம்புக்குப் பெரிய திருகு ஒன்று, குழாய் ஒன்று, பிளாக் ஒன்று. நீளம் இரண்டு கட்டம். முன்னால் இருக்கும் கட்டத்துக்கு ஒரு தளம் கீழிருந்து உறிஞ்சி, மறுமுனையில் தன் தளத்திலேயே கொட்டும். அடுத்த பம்பை நேர் மேலே, திசையைத் திருப்பி வையுங்கள். கீழ்பம்ப் கிழக்கே கொட்டியதை மேல்பம்ப் கிழக்கிலிருந்து உறிஞ்சி மேற்கே கொட்டும். ஆக ஒவ்வொரு தளத்திலும் நான்கு கட்டப் பட்டை: உறிஞ்சும் பள்ளம், பம்ப் இரண்டு கட்டம், கொட்டும் அறை. சுற்றிலும் சுவர். பம்புக்கும் பம்புக்கும் இடையில் தரையில் ஒரு கட்டத்தைத் திறந்துவிட்டால் சக்தி பம்ப் வழியாகவே இறங்கும். தனியாக அச்சுத்தண்டு இறக்க வேண்டியதில்லை.

கணக்கு. 100 தளம் என்றால் 100 பம்ப், ஒன்றுக்கு 10 வீதம் 1,000 சக்தி. நீர்ச்சக்கரம் 100 தரும், தானே 10 தின்னும், கையில் நிற்பது 90. 11 சக்கரம் 990தான், போதாது. 12 போட்டால் 1,080. மீதி 80ல் கியருக்கு 5 வீதம், அச்சுத்தண்டுக்குக் கட்டத்துக்கு 1 வீதம் கழியுங்கள். ஒரே ஒரு புள்ளி குறைந்தாலும் மெதுவாக ஓடும் என்று நினைக்காதீர்கள், மொத்த அடுக்கும் நின்றுவிடும். காற்றாலையை நம்பி இறங்குகிறவர்கள் முதலில் ஒன்றைக் கட்டிப் பாருங்கள். நிலத்தைப் பொறுத்து 40 அல்லது 20 கிடைக்கும், சில நிலத்தில் பூஜ்யம்.

உருகுவது எங்கே? மேக்மா படும் எல்லாம் மேக்மா தாங்க வேண்டும்: திருகு, குழாய், பிளாக் மூன்றும். மரம் எரிந்துவிடும். தாமிரத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஆட்டத்தின் வெப்ப அளவில் மேக்மா 12,000, தாமிரம் உருகுவது 11,952. வெறும் 48 வித்தியாசத்தில் போய்விடும். இரும்பு, எஃகு, பச்சைக் கண்ணாடி தாங்கும்.

மடைக்கதவில் இன்னொரு பொறி இருக்கிறது. கதவை இரும்பில் செய்து, அதை லீவரோடு இணைக்கும்போது கதவு பக்கத்துக்குக் கையில் கிடைத்த கல் மெக்கானிசத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். மேக்மா வந்ததும் மெக்கானிசம் உருகும், அதோடு கதவும் போகும். எந்தப் பக்கத்துக்கு எந்த மெக்கானிசம் என்று ஆட்டம் கேட்கும் இடத்தில் நின்று பாருங்கள். கதவு பக்கம் இரும்போ, மேக்மா தாங்கும் பாக்ஸைட் கல்லோ கொடுக்க வேண்டும். லீவர் பக்கம் எதுவானாலும் சரி.

மேக்மாவுக்கு இயல்பில் அழுத்தம் கிடையாது, பம்ப் தள்ளினால் உண்டு. உச்சித் தொட்டி நிறைந்த பிறகும் அடுக்கு ஓடினால் பம்ப் நிற்கும் மட்டம் வரை கண்ட வழியில் எல்லாம் புகும். சக்கரத்துக்கும் அடுக்குக்கும் நடுவில் ஒரு கியர் வைத்து லீவரில் இணைத்து விடுங்கள். அந்தக் கியரைக் கழற்றிப் பிரிக்கக் கூடாது, அதைப் பிடித்துத் தொங்கும் சக்கரங்கள் சேர்ந்து விழும்.

திருமங்கலம்

அண்ணே, 100 பம்புக்குக் கண்ணாடி எங்கிருந்து வரும்? 300 உருப்படி. சாதாரண உலையில் ஒவ்வொன்றுக்கும் கரி போட்டால் காடு மொட்டையாகிவிடும். அதனால் முதல் மேக்மாவை வண்டியில் ஏற்றுங்கள்.

இரும்பில் ஒரு மைன்கார்ட், அதாவது சுரங்க வண்டி. மேக்மாவில் முழுக்க மூழ்கி எழுந்தால் 2/7 அளவு பிடித்துக்கொள்ளும். மேலே தண்டவாள நிறுத்தத்தில் கொட்டும் திசையைக் குறித்துவிட்டால் பள்ளத்தில் கொட்டிவிடும். கரிக்குப் பதில் மேக்மாச் சூட்டில் வேலை செய்யும் மேக்மா பட்டறை ஓட அதன் அடியில் 4/7 இருந்தால் போதும், இரண்டு நடை. பட்டறை மூன்றுக்கு மூன்று. அதில் ஆள் நடக்க முடியாத கட்டம் ஒன்று இருக்கும், பள்ளம் அதற்கு நேர் கீழே வரட்டும். இல்லையென்றால் வேலை செய்கிறவன் தவறி உள்ளே விழவும், உள்ளே இருப்பது மேலே ஏறி வரவும் வழி ஆகிவிடும். இப்படி ஒரு கண்ணாடி உலை ஓட ஆரம்பித்தால் மணல் மூட்டை ஒன்றுதான் செலவு. திருகு, குழாய், பிளாக் மூன்றையும் அதிலேயே எடுத்துக்கொண்டு பிறகு அடுக்கில் இறங்கலாம். இரும்பு முழுக்கப் படைக்கு மிஞ்சும்.

மேலூர்

அருமை தம்பி. ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நடைக்கும் இடையில் ரொம்ப நாள் விடக் கூடாது. பள்ளத்தை ஒரே கட்டமாக வையுங்கள். இரண்டு கட்டமாகப் பரவினால் 1/7க்கு இறங்கி மேக்மாவும் காயும்.

தெற்கு வெளி வீதி, மதுரை

கோபுரம் பற்றி. மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் ஒன்பது நிலை, 170 அடி, 1559இல் கட்டியது. நிலைக்கு ஒரு தளம் என்று ஒன்பது தளம். அடித்தளம் 15க்கு 9 கட்டம். இரண்டு நிலைக்கு ஒருமுறை பக்கத்துக்கு ஒரு கட்டம் குறுக்கினால் வெளிச்சுவர் மட்டும் 44, 44, 36, 36, 28, 28, 20, 20, உச்சி 7. மொத்தம் 263 பிளாக். ஒரு கல்லை உடைத்தால் நான்கு பிளாக் என்பதால் 66 கல்லில் முடிகிறது. வெறும் கல்லையே அடுக்கினால் 263 கல்லையும் ஒவ்வொன்றாகச் சுமக்க வேண்டும். தரைக்கு வேண்டியதைத் தனியாகக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குறுக்கும் நிலையில் புதுச் சுவர் பழைய சுவரின் மேல் உட்காராது, ஒரு கட்டம் உள்ளே தள்ளி வரும். முதலில் தரை வளையம், அது முடிந்த பிறகு சுவர். உத்தரவு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் ஒருவன் சுவருக்கு வெளியே நின்றுகொண்டு கட்டி முடித்துவிட்டு இறங்க வழியில்லாமல் பட்டினி கிடப்பான். நடுவில் ஒரு படிக்கட்டுத் தூண் அடியிலிருந்து உச்சிவரை கடைசி நாள்வரை நிற்கட்டும். அதைப் பிரிக்கும்போது மேலிருந்து கீழாக, தளம் தளமாக.

நகரத்தையே வரைகிறவர்கள் ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று உள்ளிருந்து வெளியே சதுரம் சதுரமாகப் போடுவார்கள். பழைய கோட்டைச்சுவர் நின்ற தடத்தில்தான் வெளி வீதிகள் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அது இடிபட்டது. ஆட்டத்தில் அதே தடத்தில் அகழியை வெட்டினால் அழகாகப் பொருந்தும். அகழிக்கு நான்கு திசையிலும் தூக்குப்பாலம் வைத்து நான்கையும் ஒரே லீவரில் கட்டாதீர்கள். ஒரு வாசலில் முற்றுகை நிற்கும்போது மறு வாசல் வழியாக ஆட்களை உள்ளே எடுக்க முடியாமல் போகும்.

வடக்கு மாசி வீதி, மதுரை

பெரிய குளம் வெட்டினால் ஆட்டத்தின் வேகம் குறையுமா என்று கேட்டிருந்தார்கள். அசையும் தண்ணீர்தான் கணினியைத் தின்கிறது. 7/7 நிரம்பி அடங்கிய குளத்துக்குச் செலவே கிடையாது. 3/7, 4/7 என்று ஆடிக்கொண்டே இருக்கும் பாதிக் குளம் எஃப்.பி.எஸ்ஸை, அதாவது ஆட்டம் ஓடும் வேகத்தை, இழுத்துப் பிடிக்கும். தெப்பத் திருவிழாவுக்கு நிரப்புவதுபோல் ஒரே மூச்சில் நிரப்பி, மடையை இறக்கி, ஓரத்து நான்கு மூலையிலும் 7 காட்டுகிறதா என்று பாருங்கள். ஏதாவது ஒரு மூலையில் 6க்கும் 7க்கும் மாறி மாறி வந்தால் எங்கேயோ கசிவு இருக்கிறது. பெரும்பாலும் நடுத்தீவுக்குப் போகிற சுரங்கப்பாதையின் வாசலில்தான் இருக்கும், முதலில் அங்கே தேடுங்கள்.