சித்திக்குச் சாமி வருவது நடிப்பா, நோயா, இல்லை வேறு ஏதாவதா?

கேள்வி: வைப்பாற்றுக்காரன்

போன மாசிக் களரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குப் போயிருந்தோம். உடுக்கையும் உறுமியும் சூடு பிடித்த கொஞ்ச நேரத்தில் சித்திக்கு ராக்காயி அம்மன் இறங்கிவிட்டது. சித்தி வங்கியில் காசாளர், மற்ற நாளில் பெரியப்பா எதிரே நாற்காலியில்கூட உட்கார மாட்டார். அன்று அவரையே "வாடா இங்கே" என்று கூப்பிட்டு, செத்துப்போன சின்ன அத்தைக்குச் சேரவேண்டிய பங்கு என்னாச்சு என்று அத்தனை பங்காளிகள் நடுவில் கேட்க, பெரியப்பா கைகட்டி நின்றார். திருநீறு பூசி சாமி மலையேறியதும், "நான் என்ன பேசினேன்?" என்கிறார் சித்தி. மாமா மகன் அப்பட்டமான நடிப்பு என்கிறான், என் மனைவி மனநல மருத்துவரிடம் காட்டலாம் என்கிறாள். பக்தி விளக்கம் ஊரிலேயே நிறையக் கிடைக்கும், உளவியல் என்ன சொல்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

பதில்: கறுப்புச்சட்டை

நடிப்பேதான். கவுண்ட்டரில் பணம் எண்ணும்போது ஏன் வருவதில்லை, உடுக்கை அடித்தால் மட்டும் ஏன் வருகிறது? சொந்த வாயால் கேட்கப் பயம், அம்மன் வாயால் கேட்டாச்சு. சித்தி கெட்டிக்காரர்.

பதில்: வார்டு நம்பர் 4

மனநலத்துறையில் வேலை பார்க்கிறேன். கவுண்ட்டரில் வராமல் இருப்பதுதான் நல்ல அறிகுறி. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியலில் ஆவேச நிலைக்குத் தனித் தலைப்பே உண்டு, ஆனால் விரும்பாமல் வந்து அன்றாட வேலையைக் கெடுத்தால்தான் அது நோய், சடங்குக்குள் ஊர் ஏற்றுக்கொண்ட விதத்தில் வந்து போவதை அதில் சேர்க்கக் கூடாது என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

நோய் இல்லை என்பதால் நடிப்பு என்று ஆகிவிடாது. 2006இல் மூளை ஆய்வாளர் ஆண்ட்ரூ நியூபெர்க் குழு அமெரிக்காவில் பெந்தெகொஸ்தே கிறிஸ்தவப் பெண்கள் ஐந்து பேரை ஸ்கேன் செய்து பார்த்தது. அவர்கள் அந்நிய பாஷை, அதாவது ஜெபத்தில் தங்களுக்கே புரியாத மொழி, பேசும்போது, நம் செயலை நாமே கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதியில் ரத்த ஓட்டம், பக்திப் பாட்டு பாடும்போது இருந்ததைவிடக் குறைந்திருந்தது. ஐந்தே பேர், அதனால் ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் "பேசுவது நானில்லை" என்று அவர்கள் சொல்வதோடு அது ஒத்துப்போகிறது. மானிடவியலாளர் தான்யா லூர்மன், கடவுள் தன்னிடம் பேசுகிறார் என்று சொல்லும் அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம் வருஷக்கணக்கில் பழகி, கதையிலோ இசையிலோ தன்னை மறந்து மூழ்கிவிடும் சுபாவம் உள்ளவர்களுக்கு இது அதிகம் என்கிறார், அதோடு பழக்கத்தாலும் வளர்கிறதாம். உங்கள் சித்தி சின்ன வயதிலிருந்து எத்தனை பேர் ஆடிப் பார்த்திருப்பார்! ஒப்பாரி கேட்டதும் நமக்கு அழுகை வருகிறது, ஒப்பாரி கேட்டால்தான் வருகிறது என்பதால் கண்ணீர் பொய்யா?

பங்கு விஷயம் வேறு கதை. மனதில் ஏற்கனவே அடைத்துக்கொண்டிருந்தது அந்த நேரத்தில் வெளியே வந்திருக்கும், திட்டம் போட்டுத்தான் கேட்டார் என்று சொல்ல முடியாது. வீட்டில் பேச இடமில்லாத பெண்களுக்கு இது ஒரு வழியாக இருப்பதைப் பல நாடுகளில் ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பதில்: பேச்சியம்மா பேத்தி

எனக்கும் வரும். முதலில் காது அடைத்த மாதிரி இருக்கும், முதுகில் சில்லென்று ஏறும், மேளம் ரொம்பத் தூரத்தில் கேட்கும், அப்புறம் என் வாய் பேசுவதை நானே ஓரமாக நின்று கேட்கிற மாதிரி. பாதி ஞாபகம் இருக்கும், ஆனால் வெளியே சொல்ல மாட்டேன், சொன்னால் இந்தக் கறுப்புச்சட்டை அண்ணன் மாதிரி ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். நிறுத்தலாமே என்று தோன்றும், உடம்பு கேட்காது.

பதில்: கறுப்புச்சட்டை

சரி தங்கச்சி, நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஆடுவதை எல்லாம் சாமி என்று விட்டு, நிஜமாகவே நோய் வந்தவர்களையும் கோயிலிலும் தர்காவிலும் கட்டிப்போட்டார்களே? 2001இல் ஏர்வாடி தர்கா பக்கத்தில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் செத்தார்கள்.

பதில்: வார்டு நம்பர் 4

நியாயமான கோபம். அதற்கு மறுநாளே கோயிலை மூடு என்பதும் சரியில்லை. மனநோயாளிகளைத் தங்கவைக்கும் முத்துசாமி கோயில் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது, அங்கே தங்கிய 31 பேரைப் பற்றி 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஆய்வு வந்தது. மருந்து எதுவும் இல்லாமல் அறிகுறிகள் 20 சதவீத அளவுக்குக் குறைந்திருந்தன. அங்கே யாரும் அடிக்கவில்லை, வீட்டு ஆள் ஒருவர் கூடவே இருந்தார், சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை, அது குறைதான். ஏர்வாடி தர்காவிலும் துவாவோடு (பிரார்த்தனையோடு) மாத்திரையும் கொடுக்கும் திட்டம் வந்தது.

வைப்பாற்றுக்காரரே, சித்தி தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, மேளம் இல்லாத நாளில் தனியாகக் குரல் கேட்கிறதா, வேலைக்கு ஒழுங்காகப் போகிறாரா என்று பாருங்கள். இதில் கோளாறு இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போங்கள்.

பதில்: வைப்பாற்றுக்காரன்

தூக்கம், சாப்பாடு, வேலை எதிலும் குறையில்லை, குரல் எதுவும் கேட்டதாகச் சொன்னதும் இல்லை. மனைவிக்கு இந்தத் திரியை அனுப்பிவிட்டேன். பெரியப்பாதான் அன்றிலிருந்து யார் போனையும் எடுப்பதில்லை.