வலது ஸ்பீக்கர் சத்தம் குறைகிறது. கோளாறு ஸ்பீக்கரிலா, ஆம்பிலா?

தோட்டத்து வீடு, பண்ணைக்காடு:
வணக்கம். அப்பா ஆசையாக வாங்கிய பழைய ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ட்யூனர் (ரேடியோ பிடிக்கும் கருவி), இரண்டு பெட்டி ஸ்பீக்கர். அவர் போன பிறகு இரண்டு வருடம் துணி மூடிக் கிடந்தது. அம்மா கேட்பதற்காகப் போன வாரம் எடுத்து மாட்டினேன். கொடைக்கானல் பண்பலை 100.5-இல் அறிவிப்பாளர் குரல் நடுவில் வராமல் இடப்பக்கமே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இடம் வலம் சத்தத்தைச் சரிக்கட்டும் பேலன்ஸ் குமிழை வலப்பக்கம் முக்கால்வாசி திருப்பினால்தான் நடுவுக்கு வருகிறது. ஒரு கடையில் போனில் கேட்டேன். பார்க்காமலே, ஸ்பீக்கர் போயிருக்கும், ஜோடியாக மாற்றிவிடுங்கள் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. வலப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கிறது, அதனால் இருக்குமா?

சால்டரிங் மேசை, வத்தலக்குண்டு:
தம்பி, ஸ்பீக்கரை மாற்றாதீர்கள். சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் (தாழ்ந்த ஒலி) கூடும், சத்தம் குறையாது. ட்யூனரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள், இரண்டு பக்கமும் ஒரே சத்தம் போகும். பேலன்ஸ் நட்டநடுவில். நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து இரண்டு பெட்டிக்கும் நூல் பிடித்து அளந்து, தூரத்தைச் சமமாக்குங்கள். ஓரடி வித்தியாசம் இருந்தாலே கிட்ட இருக்கும் பெட்டியின் சத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்ட் முந்தி வரும். காது குரலை அந்தப் பக்கம் வைத்துவிடும்.

அப்புறம் ஆம்பை அணைத்துவிட்டு, பின்னால் ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றிக் கொடுங்கள். வயர் இழைகள் ஒன்றோடொன்று தொடக்கூடாது, ஆம்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும். சத்தம் குறைவது அதே பெட்டியில் நின்றால் பெட்டியோ வயரோதான். மற்ற பெட்டிக்குத் தாவினால் பெட்டிகள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம்.

நாயுடுபுரம் வாசகி:
அதற்கும் முன்னால் ஒன்று. நாற்காலியைத் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கேளுங்கள். குரல் மற்ற காதுப் பக்கம் போனால் சரி. அதே காதில் நின்றால் காது டாக்டரைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. வலக்காதில் அழுக்கு அடைத்திருந்தது.

தோட்டத்து வீடு, பண்ணைக்காடு:
அக்கா, காது நன்றாகத்தான் இருக்கிறது. அண்ணா, வயரை மாற்றினேன். முதல் தடவை ஒரு பெட்டிக்குச் சிவப்பும் கறுப்பும் இடம் மாறிப் போயிற்று. குரல் எந்தப் பக்கமும் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்த மாதிரி இருந்தது, பேஸ் சுத்தமாகக் காணோம். சரியாக மாட்டியதும் குரல் வலப்பக்கம் தாவிவிட்டது! ஆக, பெட்டிகள் நன்றாக இருக்கின்றன. ட்யூனரிலிருந்து வரும் வயரையும் இடம் வலம் மாற்றிப் பார்த்தேன், அப்போது ஒன்றும் மாறவில்லை. இன்னொன்று: வால்யூமைக் கூட்டினால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிறது. குமிழைத் திருப்பும்போது கரகர என்கிறது.

சால்டரிங் மேசை, வத்தலக்குண்டு:
அப்படியானால் ட்யூனரும் இல்லை, கோளாறு ஆம்பில்தான். அந்தக் கரகரதான் விடை, வால்யூம் கண்ட்ரோல். ஒரே தண்டில் இரண்டு கார்பன் தடம் இருக்கும், பக்கத்துக்கு ஒன்று. உங்கள் ஊர் மூடுபனியில் இரண்டு வருடம் திருப்பாமல் கிடந்தால் ஈரம் பட்டுத் தடத்தில் அழுக்குப் படியும், அதைத் தொடும் தகடு கறுத்துவிடும். ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு அரைமணி நேரமாவது விடுங்கள், உள்ளே பெரிய கெப்பாசிட்டர் கரண்டைத் தேக்கி வைத்திருக்கும். அப்போதும் அதன் பக்கம் கை போகக்கூடாது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை வால்யூம் கண்ட்ரோலின் இடுக்கில் கொஞ்சமாக அடித்து, குமிழை முப்பது தடவை கோடிக்குக் கோடி திருப்புங்கள். பேலன்ஸ் குமிழுக்கும் அதே. பூட்டுக்கு அடிக்கிற எண்ணெய் வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் கரண்ட்.

தோட்டத்து வீடு, பண்ணைக்காடு:
அண்ணா, வயர்களைப் பழையபடி மாட்டிவிட்டேன். கரகர போய்விட்டது! குரல் நடுவில் நிற்கிறது. ரொம்பக் குறைவாக வைத்தால் மட்டும் இன்னும் ஒரு நூலளவு இடப்பக்கம் சாய்கிறது.

சால்டரிங் மேசை, வத்தலக்குண்டு:
அது அப்படித்தான் இருக்கும். இரண்டு தடமும் குமிழ் திரும்பத் தொடங்கும் இடத்தில் அச்சாக ஒன்றுபோல் அமைவது அபூர்வம். ராத்திரி மெதுவாகக் கேட்கும்போது மட்டும் பேலன்ஸை ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவையாவது ஆம்பை ஓடவிடுங்கள், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது.

தோட்டத்து வீடு, பண்ணைக்காடு:
தினமும் ஓடும் அண்ணா. காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன்னாலேயே அம்மா போட்டுவிடுகிறார்.