மறு: இரண்டு கதைமாந்தரை ஒருவராக்கினால் அவருக்கு என்ன பெயர்?

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூரிலிருந்து:

அன்பு நண்பர்களே, வணக்கம்.

திரைக்கதைச் சொற்களுக்குத் தமிழ் தேடி நாம் தொகுக்கும் பட்டியலில் இன்னும் காலியாகக் கிடக்கும் வரி 'காம்போசிட் கேரக்டர்'. நாவலில் இருவராகவோ மூவராகவோ இருப்பவர்களைத் திரைக்காக ஒருவராக்கும்போது உருவாகும் ஆள் இவர். "ரெண்டு கேரக்டரை மெர்ஜ் பண்ணியாச்சு" என்கிறோம். செய்கைக்கு ஒரு சொல் இருக்கிறது. செய்து முடித்தபின் எழுந்து நிற்கும் ஆளுக்குத்தான் பெயர் இல்லை.

நீண்ட பேரழிவு நாவலைத் தொடராக்கும்போது இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் தேவைப்படுகிறது. கொள்ளைநோயில் உலகம் அழியும் ஸ்டீபன் கிங்கின் 'தி ஸ்டேண்ட்' நாவல் 1978இல் சுருக்கப்பட்டு வந்தது. 1990இல் முழுப்பதிப்பாக வந்தபோது 1,152 பக்கம். 1994இல் நான்கு பகுதித் தொலைக்காட்சித் தொடரானபோது கிடைத்தது ஏறத்தாழ ஆறு மணி நேரம். ஒரு திரைக்கதைப் பக்கம் ஒரு நிமிடம் என்ற வழக்கமான கணக்கில் அது 360 பக்கம். நாவலின் மூன்று பக்கத்துக்கும் மேல் திரைக்கதையின் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். காட்சிகளை மட்டும் வெட்டி இந்தக் கணக்கை எட்ட முடியாது. புது ஆள் ஒருவரைப் பார்ப்பவர் மனத்தில் பதியவைக்கவே இரண்டு மூன்று பக்கம் போய்விடும். பத்துப் பேர் வந்தால் அரைமணி நேரம் அறிமுகத்துக்கே சரி. அதனால் ஆள் குறைந்தாக வேண்டும்.

என் பரிந்துரை: தொகைமாந்தர். இலக்கணத்தில் தொகை என்றால் தொகுதல் மட்டுமில்லை, இடையில் ஒன்று மறைந்து நிற்பதும்தான். 'தாய்தந்தை' என்னும்போது 'உம்' மறைந்திருப்பதுபோல இவருக்குள் இன்னொருவர் மறைந்திருக்கிறார்.

———

ஆயர் ஈத்தாம், பினாங்கிலிருந்து:

ஐயா, இலக்கண வழியில் போனது அழகு. ஆனாலும் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

முதலாவது, தொகை என்றதும் நம் காதில் விழுவது மக்கள்தொகை. கொள்ளைநோயில் ஊரே சாகும் கதையின் காட்சிப் பட்டியலில் 'தொகைமாந்தர் – 3' என்று எழுதினால், துணை நடிகர் கூட்டம் என்று நினைத்துத் தயாரிப்பு நிர்வாகி மூன்று பேருந்து ஏற்பாடு செய்துவிடுவார். பக்கத்துக் கட்டத்தில் சம்பளத் தொகை வேறு இருக்கும்.

இரண்டாவது, 'தாய்தந்தை' உம்மைத்தொகை. அதில் தாயும் குறையவில்லை, தந்தையும் குறையவில்லை. நாம் பேசும் ஆளிடம் அப்படி இல்லை. ஒருவர் பெயர் நிலைக்கிறது, மற்றவர் பெயர் போய்விடுகிறது, அவர் செய்த வேலை மட்டும் தங்குகிறது.

இதற்குச் சரியான படிமம் பாலிக் புலாவ் டுரியான் தோட்டத்தில் இருக்கிறது. விதை போட்டு வளர்த்த நாட்டு டுரியான் கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளந்து, ஆப்புப்போல் சீவிய நல்ல ரகக் குச்சியைச் செருகி, நெகிழி நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். குச்சி 1993இல் டி197 என்று பதிவான முசாங் கிங்காக இருந்தால் மரத்துக்கும் அதுவே பெயர். தண்ணீர் உறிஞ்சி மரத்தைத் தாங்கும் வேரோ நாட்டுக் கன்றுடையது. பழம் வாங்குகிறவர் அந்த வேரின் பெயரைக் கேட்பதே இல்லை.

அதனால் ஒட்டுமாந்தர் என்கிறேன்.

———

செந்தூல், கோலாலம்பூரிலிருந்து:

ஆயர் ஈத்தாம் டீச்சர் சொன்ன 'ஒட்டு' எனக்கு வேறொரு காரணத்தாலும் பிடிக்கிறது. ஒட்டு பிடிக்காமலும் போகும். குச்சியின் பச்சைப் படலமும் தண்டின் பச்சைப் படலமும் ஒரு பக்கமாவது நேராகப் பொருந்தாவிட்டால் நாடாவுக்குள்ளேயே குச்சி கருகிவிடும். திரைக்கதையில் இருவரை ஒட்டும்போதும் இதேதான் நடக்கிறது.

1994 தொடரில் நாடீன் கிராஸ் என்பவர் அப்படி ஒட்டப்பட்டவர். நாவலில் பாடகர் லாரி நியூயார்க்கிலிருந்து ரீட்டா என்ற பெண்ணோடு புறப்படுகிறான். வழியில், கூடாரத்துக்குள், மாத்திரை மிகுந்து அவள் அவன் பக்கத்திலேயே செத்துக் கிடக்கிறாள். நாடீனை அவன் சந்திப்பது அதற்குப் பிறகு. தொடரில் ரீட்டா இல்லை, நாடீனே நியூயார்க்கில் வந்துவிடுகிறாள். ஓர் அறிமுகம் மிச்சம், நாடீனும் முன்கூட்டியே கதைக்குள் வந்துவிடுகிறாள். ஆனால் நாடீன் கடைசிப் பகுதிவரை தேவை, அவளைக் கூடாரத்தில் சாகவிட முடியாது. லாரியின் மனத்தில் குற்றவுணர்வை ஏற்றி அவனைப் பொறுப்புள்ளவனாக்கிய சாவு அப்படியே கழன்றுவிட்டது. பெயர் போனதில் நட்டமில்லை, அந்தச் சாவு போனதுதான் நட்டம். 2020இல் தொடங்கிய ஒன்பது பகுதித் தொடரில் ரீட்டா தனி ஆளாகத் திரும்பி வந்தாள்.

இதனால்தான் ஒட்டுவதற்கு முன் ஆளுக்கு ஒரு வரியாக அட்டவணை போடச் சொல்கிறோம். இவர் கொண்டுவரும் செய்தி என்ன, யாரை என்ன முடிவுக்குத் தள்ளுகிறார், எந்தத் தேதியில் எங்கே நிற்கிறார், எப்படிச் சாகிறார், அந்தச் சாவு யாரை மாற்றுகிறது. ஒரே காட்சியில் இருவரும் எதிரெதிரே பேசியிருந்தால் ஒட்டக்கூடாது. இரண்டு சாவும் கதைக்கு வேண்டுமென்றாலும் கூடாது.

அதிகம் சறுக்குவது தேதிக் கட்டத்தில். ஊர் அழிந்தபின் வண்டி கிடையாது, எல்லாரும் நடக்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து பினாங்குப் பாலத்தில் ஏறுகிறார். 13.5 கிலோமீட்டர், அரை நாளில் தீவில் இருப்பார். இன்னொருவர் கோலாலம்பூரிலிருந்து வருகிறார். பட்டர்வொர்த்துக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர், நாளுக்கு 25 நடந்தால் 14 நாள். இந்த இருவரையும் ஒருவராக்கினால் கதையில் இரண்டு வாரம் காணாமல் போகும். அந்த இரண்டு வாரத்தில் தீவில் யார் யார் நோயில் விழுந்தார்கள் என்ற வரிசை முழுக்க மாறும். எழுதுகிறவர் இதைக் கவனிக்காமல் விட்டால், மூன்றாம் பகுதியில் செத்தவர் நான்காம் பகுதியில் கதவைத் திறப்பார்.

ஆகவே ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். முழு ஆள் *ஒட்டுமாந்தர்*. பெயர் தந்தவர் *பெயர்மாந்தர்*. வேலையை மட்டும் தந்துவிட்டு மறைந்தவர் *வேர்மாந்தர்*. அட்டவணையில் வேர்மாந்தருக்குக் கட்டாயம் ஒரு கட்டம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ரீட்டாவுக்கு நேர்ந்ததே நடக்கும்.

———

பட்டர்வொர்த்திலிருந்து:

'ஒட்டு' என்றால் ஒட்டுண்ணி நினைவுக்கு வராதா? பேய்க்கதையில் 'ஒட்டுமாந்தர்' என்று படித்தால், ஏதோ ஒன்று உடம்பில் ஒட்டிக்கொண்ட ஆள் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். கயிற்றிலிருந்து 'புரி'யை எடுக்கலாமே? இருவர் சேர்ந்தால் இருபுரிமாந்தர், மூவர் என்றால் முப்புரிமாந்தர். எத்தனை பேர் என்பது சொல்லிலேயே தெரியும்.

———

ஆயர் ஈத்தாமிலிருந்து:

தம்பி, எண்ணிக்கை தெரிவது நல்ல வசதிதான். ஆனால் முப்புரி என்றதும் நூல்தான் கண்முன் வரும். 'புரி' தனியே நின்றால் 'புரிகிறதா' என்று படிப்பார்கள். கயிற்றில் எல்லாப் புரியும் சமம், இங்கே சமமில்லை. ஒட்டுக்கன்று, ஒட்டுமாங்கனி, ஒட்டுரகம் என்று நம் பேச்சில் ஒட்டு செடிப்பக்கம்தான் நிற்கிறது. ஒட்டுண்ணியில் பயமுறுத்துவது 'உண்ணி'.

———

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:

தொகைமாந்தரை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மூன்று பேருந்து என்ற ஒரு வாதமே போதும்.

'பாத்திரம்' என்று முடிக்கலாமா என்றும் பார்த்தேன். ஒட்டுப்பாத்திரம் என்றால் ஈயம் பூசி அடைத்த அண்டா ஞாபகம் வருகிறது. மாந்தரே இருக்கட்டும். 'மாந்தர்கள்' என்று இரட்டைப் பன்மை போடாமல் 'ஒட்டுமாந்தர் இருவர், மூவர்' என்று எண்ணினால் சிக்கலில்லை. 'தி ஸ்டேண்ட்' கதையில் கோஜாக் என்ற நாயும் முக்கிய வேலை செய்கிறது, நாய் மாந்தராகுமா என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். காகமும் நரியும் வரும் கதைக்கும் 'கதைமாந்தர் யார்?' என்றுதான் பள்ளியில் கேட்கிறோம். நாய்க்கும் பொருந்தும்.

இன்னொன்றையும் பிரித்துவைக்க வேண்டும். 2020 தொடரில் ரால்ஃப் என்ற ஆண், ரே என்ற பெண்ணானார். அங்கே யாரும் யாரோடும் ஒட்டப்படவில்லை, இருந்தவரே மாறினார். அவரை ஒட்டுமாந்தர் கணக்கில் எழுதக்கூடாது. அவருக்கு *மாற்றுமாந்தர்* என்று வைக்கிறேன்.

பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்:

ஒட்டுமாந்தர் – மூலக்கதையின் இருவர் அல்லது பலருடைய வேலைகளை ஏற்று, அவர்களுள் ஒருவர் பெயரிலோ புதுப்பெயரிலோ திரையில் வருபவர். எடுத்துக்காட்டு: "1994 தொடரின் நாடீன் ஓர் ஒட்டுமாந்தர், வேர்மாந்தர் ரீட்டா."

புதுப்பெயரில் வந்தால் பெயர்மாந்தர் என்று ஒருவர் இருக்கமாட்டார், எல்லாரும் வேர்மாந்தரே. செந்தூல் நண்பர் அட்டவணையில் இதற்கு இடம்விட வேண்டும். நாவலின் ஒருவரைத் திரையில் இருவராகப் பிரித்தால் என்ன சொல்வது என்பது இன்னும் பாக்கி. 'பதியன்' என்று ஆயர் ஈத்தாம் டீச்சர் சொல்லக்கூடும் என்று நினைக்கிறேன். பதியன் போட்டால் தாய்ச்செடியும் நிற்கும், கிளையும் தனிச்செடியாகும்.