குளிர் கூடின இரவுகளில கமரா றீஸ்டார்ட் ஆகுது, ஹீற்றர் பெட்டிக் கண்ணாடியிலும் பனி பிடிக்குது: உதவி தேவை

வெண்பனி (ஸ்கார்பரோ):

வணக்கம். வளவுக்குப் பின்னால இருக்கிற கராஜ் சுவரில, ஹீற்றர் வைச்ச பெட்டிக்குள்ள ஒரு ஐ.பி. பொக்ஸ் கமரா பூட்டியிருக்கு. பகலில ஒரு குறையும் இல்லை. மைனஸ் 10க்குக் கீழ போற இரவுகளில கமரா தானா நிண்டுபோய், ஒரு நிமிசத்தில திரும்ப வருது, பிறகு திரும்பவும் நிக்குது. விடிய விடிய இதே கதைதான். கண்ணாடியின்ர உள்பக்கமும் விளிம்பில இருந்து நடுவுக்கு வெள்ளையாப் பனி பிடிக்குது. ஹீற்றரில கை வைச்சால் இளஞ்சூடு மட்டும் தெரியுது.

கமரா 12 வோல்ற் டிசி, 6 வாற். அது மைனஸ் 10 வரைக்கும்தான் தாங்கும் எண்டு போட்டிருக்கு. ஐ.ஆர். விளக்கு (இருட்டில கமராவுக்கு மட்டும் தெரியிற வெளிச்சம்) பெட்டிக்கு வெளியில தனியா இருக்கு, 12 வோல்ற், 10 வாற். அடப்டர் பேஸ்மென்ற்றில, 12 வோல்ற் 5 அம்பியர். அங்கயிருந்து கராஜுக்கு 35 மீற்றர், 18 கேஜ் இரட்டை வயர். கமரா, விளக்கு, ஹீற்றர் மூண்டுக்கும் இந்த ஒரு வயர்தான். பக்கத்தில வெளியில போடுற கேட்-6 கேபிள் ஒண்டும் போகுது, அது டேற்றாவுக்கு.

அடப்டரை 10 அம்பியருக்கு மாத்தினால் சரிவருமோ?

மின்கம்பி:

வராது. உங்கள் லோடு மொத்தமே 5 ஆம்பியரைத் தொடவில்லை. அடாப்டரில் ஆம்பியரைக் கூட்டினால் வயர் முனையில் வோல்ட் கூடாது. எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள்.

முதலில் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்து, ஹீட்டருக்கு எத்தனை வோல்ட், ஏசியா டிசியா, எத்தனை வாட் என்று அப்படியே எழுதுங்கள்.

இரண்டாவது, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கேமரா முனையில், எல்லாம் இணைந்து ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்து பாருங்கள். வயரைக் கழற்றி அளந்தால் கரண்ட் ஓடாது, எந்த நாளும் 12 என்றுதான் காட்டும். பலர் ஏமாறுவது இங்கேதான். மூன்று நிலைகளில் வேண்டும்: பகலில் கேமரா மட்டும், இரவில் ஐ.ஆர். எரியும்போது, ஐ.ஆரும் ஹீட்டரும் சேர்ந்து ஓடும்போது. அடாப்டர் முனையிலும் ஒரு தடவை அளந்துவிடுங்கள்.

ஹீட்டர் ஓட குளிருக்குக் காத்திருக்க வேண்டாம். பெட்டிக்குள் தெர்மோஸ்டாட் என்பது பொத்தான் மாதிரி ஒரு சின்ன உலோக வட்டம்தான். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி போட்டு அதன்மேல் சில நிமிடம் வைத்தால் 'டிக்' என்று கேட்கும்.

வெண்பனி (ஸ்கார்பரோ):

நன்றி அண்ணை. லேபிளில இருக்கிறது: ஹீற்றர் 24 வோல்ற் ஏசி, 20 வாற். ஃபான் 24 வோல்ற் ஏசி, 3 வாற். ஹீற்றர் 5 டிகிரிக்குக் கீழ ஓன், 15க்கு மேல ஓஃப்.

அடப்டர் முனையில 12.1. கமரா முனையில பகலில 11.3, ஐ.ஆர். எரியேக்க 9.7, ஹீற்றரும் சேரேக்க 9.0. அதுக்குப் பிறகு கமரா நிண்டிட்டுது.

இதைவிடத் தடிச்ச 12 கேஜ் வயர் புதுசா இழுக்கலாமோ எண்டு யோசிக்கிறன். இல்லாட்டி 15 வோல்ற் அடப்டர் ஒண்டு போட்டால் முனையில 12 வரும்தானே?

மின்கம்பி:

உங்கள் அளவுகள் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகின்றன, அதனால் சந்தேகத்துக்கே இடமில்லை. இரண்டு தனித்தனிக் கோளாறுகள் ஒரே வயரில் வந்து சேர்ந்திருக்கின்றன.

கேமரா ஏன் நிற்கிறது? 18 கேஜ் செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 0.021 ஓம். கரண்ட் போய்த் திரும்ப வேண்டும், ஆகவே 35 மீட்டர் என்பது 70 மீட்டர்: 1.47 ஓம். ஐ.ஆரும் ஹீட்டரும் சேரும்போது சுமார் 2.1 ஆம்பியர் ஓடுகிறது. இரண்டையும் பெருக்கினால் 3.1 வோல்ட் வயரிலேயே கரைகிறது. 12.1இல் மீதி 9.0.

இதில் ஒரு சுழல் உண்டு. கேமராவுக்குள் இருப்பது ஸ்விட்சிங் ரெகுலேட்டர். வோல்ட் குறைந்தால் அதே 6 வாட்டுக்காக அது அதிக ஆம்பியர் இழுக்கும், ஐ.ஆர். விளக்கின் டிரைவரும் பெரும்பாலும் அப்படித்தான். ஆம்பியர் கூட வயரில் இழப்பு கூடும், முனையில் வோல்ட் இன்னும் இறங்கும். கேமரா அணைந்ததும் லோடு குறைந்து வோல்ட் ஏறும், உடனே அது மறுபடி பூட் ஆகும். நீங்கள் விடிய விடியப் பார்ப்பது இந்தச் சுற்றைத்தான்.

ஹீட்டர் ஏன் சுடவில்லை? அது 24 வோல்ட் ஹீட்டர். 24 வோல்ட்டில் 20 வாட் என்றால் அதன் தடை 28.8 ஓம். ஹீட்டரின் வாட் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, பாதி வோல்ட் கொடுத்தால் கால் பங்கு வாட்தான் வரும். முழு 12 வோல்ட் கிடைத்தாலும் 5 வாட். உங்களுக்கு 9.0 கிடைக்கிறது, அதாவது 2.8 வாட். மைனஸ் 15இல் அது கண்ணாடியைத் தொடக்கூட மாட்டாது.

12 கேஜ் வயர் போட்டால் கேமரா நிற்காது, உண்மை. ஆனால் ஹீட்டர் 5 வாட்டைத் தாண்டாது. செம்புக்குக் காசு கொடுத்துப் பாதிப் பிரச்சினையைத்தான் தீர்ப்பீர்கள்.

15 வோல்ட் அடாப்டர் தயவுசெய்து வேண்டாம். இரவில் எல்லாம் ஓடும்போது முனைக்கு 12.5 அளவில் வரும், ஆனால் பகலில் ஐ.ஆரும் ஹீட்டரும் ஓய்ந்திருக்கும்போது 14.4 வரும். 12 வோல்ட் கேமராக்கள் பலவற்றுக்கு 10 சதவீதம் ஏற்ற இறக்கம்தான் அனுமதி, அதாவது 13.2 வரை. இரவைச் சரிசெய்து பகலில் கேமராவைச் சுட்டுவிடுவோம்.

புதிய வயரே இழுக்காமல் முடியும். இருக்கும் 18 கேஜ் வயரை ஹீட்டருக்கும் ஃபேனுக்கும் மட்டும் விடுங்கள். பேஸ்மென்ட்டில் 12 வோல்ட் அடாப்டரை எடுத்துவிட்டு, 120 வோல்ட்டிலிருந்து 24 வோல்ட் ஏசி தரும் 40 வி.ஏ. கிளாஸ் 2 (வெளியே தரும் சக்தியைப் பாதுகாப்பான அளவில் மட்டுப்படுத்திய வகை) டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போடுங்கள். சுவர் பிளக்கில் செருகி, இரண்டு ஸ்க்ரூவில் வயரை முறுக்கும் வகை போதும். சி.எஸ்.ஏ. அல்லது சி.யூ.எல். பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே 35 மீட்டரில் ஹீட்டர் இழுப்பது 0.8 ஆம்பியர், இழப்பு 1.2 வோல்ட். முனையில் 22.8 வரும், 18 வாட் சூடு கிடைக்கும். இந்த அளவு பெட்டிக்கு அது தாராளம்.

கேமராவும் ஐ.ஆரும் கேட்-6 வழியாக பி.ஓ.இ.யில் (டேட்டா கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் முறை) போகட்டும். அதை எட்மன்டன்வாசி நன்றாகச் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை: பழைய வயரில் 24 வோல்ட் ஏசியைக் கொடுக்கும் முன், கேமராவையும் ஐ.ஆர். விளக்கையும் அதிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். 24 ஏசியின் உச்சம் 34 வோல்ட். 12 டிசி மட்டும் ஏற்கும் கேமராவில் அது போனால் அதோடு சரி. வயரின் இரு முனையிலும் '24 ஏசி, ஹீட்டர் மட்டும்' என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். நாளைக்கு வேறொருவர் அந்தப் பெட்டியைத் திறப்பார்.

எட்மன்டன்வாசி:

மின்கம்பி சொன்ன பாதைதான் சரி. பி.ஓ.இ. பக்கம் கவனிக்க வேண்டியவை:

கேமரா 6, ஐ.ஆர். 10, ஆக 16 வாட். ஸ்ப்ளிட்டரில் (கேமரா முனையில் கேபிளிலிருந்து மின்சாரத்தைப் பிரித்து 12 வோல்ட்டாகத் தருவது) போகும் இழப்பைச் சேர்த்தால் 18 வாட் அளவுக்குக் கேட்கும். சாதாரண பி.ஓ.இ. தரமான 802.3 ஏ.எஃப். முனையில் தருவது 12.95 வாட், போதாது. 802.3 ஏ.டி. 25.5 வாட் தரும், உங்களுக்கு அது வேண்டும். இன்ஜெக்டர் (வீட்டுப் பக்கத்தில் கேபிளுக்குள் மின்சாரத்தை ஏற்றுவது), ஸ்ப்ளிட்டர் இரண்டும் ஏ.டி.யாக இருக்க வேண்டும். கடையில் அதிகம் கிடைப்பது '12 வோல்ட் 1 ஆம்ப்' என்று எழுதிய ஏ.எஃப். ஸ்ப்ளிட்டர். அதைப் போட்டால் பகலில் ஓடும், இருட்டி ஐ.ஆர். எரிந்ததும் விழும். பழைய நோயே புது உருவில் வந்த மாதிரி இருக்கும். '12 வோல்ட் 2 ஆம்ப்' என்று இருப்பதை எடுங்கள், வேலை செய்யும் வெப்பநிலை மைனஸ் 40 என்று போட்டிருக்க வேண்டும். 'பாசிவ் பி.ஓ.இ.' என்று இருந்தால் தொடாதீர்கள். எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று கேட்காமலே வோல்ட்டைத் தள்ளும் சாதனம் அது.

குளிர் தாங்கும் ஸ்ப்ளிட்டரை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள். மைனஸ் 25 தாண்டினால் மலிவானவற்றின் உள்தடை பல மடங்கு ஏறும். ஓடிக்கொண்டிருப்பது தப்பிக்கலாம், ஆனால் கரண்ட் போய் வந்தால் மறுபடி கிளம்பாது.

கேட்-6 கேபிளின் உறையில் சி.சி.ஏ. என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. தடை அதிகம், குளிரில் வளைத்தால் முறியும். முழுச் செம்பு என்றால் 35 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை, 100 மீட்டர் வரை போகலாம்.

கராஜ் தனிக் கட்டடம் என்பதால், கேட்-6 வீட்டுக்குள் நுழையும் இடத்தில் பி.ஓ.இ.க்கான சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போட்டு, அதை வீட்டின் எர்த்தோடு இணைத்துவிடுங்கள்.

வெண்பனி (ஸ்கார்பரோ):

நல்லா விளங்குது. ரெண்டு கேள்வி. கண்ணாடிப் பனி ஹீற்றர் சரியானால் தானாப் போகுமோ? இன்ஜெக்டரையும் டிரான்ஸ்ஃபோமரையும் யூ.பி.எஸ்.இல போடலாமோ?

எட்மன்டன்வாசி:

யூ.பி.எஸ்.இல் இன்ஜெக்டரை மட்டும் போடுங்கள். ஹீட்டர் 20 வாட்டை விடாமல் உறிஞ்சி பேட்டரியைக் காலி செய்துவிடும். அரை மணி நேரம் கரண்ட் போனாலும் கேமரா தன் சூட்டிலேயே ஓடும். முழுதாக அணைந்து ஆறிய கேமராவை மைனஸ் 20இல் மறுபடி கிளப்புவதுதான் அதற்குக் கஷ்டம். ஹீட்டரும் கேமராவும் தனித்தனிப் பவரில் இருப்பதில் இந்த நன்மையும் உண்டு.

பனி பாதிதான் போகும். மீதி ஈரத்தின் கணக்கு. உள்ளே பனி பிடிக்கிறது என்றால் உள்ளே ஈரக்காற்று இருக்கிறது. ஹீட்டர் அணையும்போது காற்று சுருங்கி, இடுக்கு வழியாக வெளிக்காற்றை உறிஞ்சும். அந்த ஈரம் பெட்டியிலேயே மிகக் குளிர்ந்த இடத்தில், அதாவது கண்ணாடியில், உறையும்.

வயர் நுழையும் கிளாண்ட் (வயரைச் சுற்றி இறுக்கும் ரப்பர் அடைப்பு) பெட்டியின் அடிப்பக்கம் இருக்க வேண்டும். அதற்கு முன் வயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். கிளாண்டுக்குள் ஒரு வயர் போக வேண்டிய ரப்பரில் இரண்டு வயரைத் திணித்தால் நடுவில் இடைவெளி விழும், இரண்டு துளை ரப்பர் வாங்குங்கள். நிலத்தடிக் குழாய் நேரே பெட்டிக்குள் திறந்திருந்தால் ஈரக்காற்று அதன் வழியாகவே ஏறும். குழாய் வாயை டக்ட் சீல் மாவால் அடையுங்கள். பெட்டியின் அடியில் சொட்டுத் துளை இருந்தால் அதை மட்டும் அடைத்துவிடாதீர்கள். காய்ந்த நாளில், ஹீட்டர் ஓடி உள்ளே சூடாக இருக்கும்போது சிலிக்கா ஜெல் பை இரண்டு போட்டு மூடுங்கள்.

ஹீட்டர் தகடு கேமராவுக்குப் பின்னால் இருந்தால் முன்னால், லென்ஸுக்குக் கீழே, நகர்த்துங்கள். சூடு கண்ணாடியில் ஏற வேண்டும். ஐ.ஆரை வெளியில் வைத்தது நல்ல வேலை, உள்ளே இருந்தால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பிப் படம் வெளுத்துவிடும்.

கோக்ஸ்கேபிள் (மொன்றியால்):

எனக்கும் இதே மாதிரிப் பெட்டிதான். ஆனால் கமரா பழைய கோக்ஸ் வகை, நெற்வேர்க் கேபிள் இல்லை. 24 ஏசியை அனுப்பி, பெட்டிக்குள்ள எல்.எம். 2596 மொடியூல் (டிசி வோல்ற்றை இறக்கிற சின்ன போர்ட்) வைச்சு 12 டிசி எடுக்கலாமோ?

மின்கம்பி:

ஏசியில் அந்த மாட்யூல் வேண்டாம். லோடு இல்லாத டிரான்ஸ்ஃபார்மர் 28 வரை காட்டும், பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்) போட்டு வடித்தால் 39 வோல்ட் டிசி. எல்.எம். 2596இன் எல்லை 40. வீட்டு லைன் கொஞ்சம் ஏறினால் அது எரியும். எரிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அவ்வளவு வோல்ட்டும் நேரே கேமராவுக்குள் போகும். எச்.வி. என்று முடியும் வகை 60 வரை தாங்கும், கூட 63 வோல்ட் கெப்பாசிட்டர் வேண்டும்.

அதைவிட எளிது 24 வோல்ட் டிசி 3 ஆம்பியர் பவர் சப்ளை. உச்சப் பிரச்சினை இல்லை, பெட்டிக்குள் 24இலிருந்து 12க்கு இறக்கும் சீல் செய்த கன்வெர்ட்டர் ஒன்று போதும். ஹீட்டர் வெறும் தடைதான், தெர்மோஸ்டாட் பொத்தான் வகையாக இருந்தால் டிசியிலும் அதே சூடு தரும். ஃபேன் 24 ஏசி என்று லேபிளில் இருந்தால் அதை மட்டும் 24 டிசி ஃபேனாக மாற்றுங்கள்.

வெண்பனி (ஸ்கார்பரோ):

மாத்தியாச்சு. ஐஸ் பை வைச்சு ஹீற்றரை ஓட விட்டு, ஐ.ஆர். விளக்கில வெளிச்சத்தை அறியிற கண்ணைக் கையால மூடி விளக்கையும் எரிய வைச்சு அளந்தன். ஹீற்றர் முனையில 23.1 ஏசி, கமராவில 12.0 டிசி, ரெண்டும் அசையேல்லை. ஹீற்றர் தகட்டில இப்ப கை வைக்க ஏலாது.

கராஜ் வெளிச்சுவரில புதுசா ஒரு 120 பிளக் வைச்சு டிரான்ஸ்ஃபோமரை அங்கயே மாத்தலாமோ எண்டும் ஒரு யோசனை.

மின்கம்பி:

22.8க்கு மேல் வந்திருப்பது சரிதான், குறைந்த லோடில் டிரான்ஸ்ஃபார்மர் 24க்குக் கொஞ்சம் மேலேதான் தரும்.

டிரான்ஸ்ஃபார்மரை நகர்த்தத் தேவையே இல்லை. சுவர் பிளக் வகை உட்புறத்துக்கானது, பனியும் உப்புத்தூளும் படும் இடத்தில் வைக்கக்கூடாது. புதிய 120 வோல்ட் பிளக் என்றால் ஒன்டாரியோவில் ஈ.எஸ்.ஏ.வுக்கு (மின் பாதுகாப்பு ஆணையம்) அறிவித்து, ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு வந்தால் உடனே அணைக்கும்) பாதுகாப்போடு வைக்க வேண்டும், உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கையால் வைப்பதே நல்லது. கிளாஸ் 2 டிரான்ஸ்ஃபார்மர் பேஸ்மென்ட்டிலேயே இருக்கட்டும்.

கராஜில் வயர் ஒட்டிய இடத்தில் வெறும் டேப் சுற்றியிருந்தால், ஜெல் நிரப்பிய கனெக்டருக்கு மாற்றிவிடுங்கள். அங்கே துரு ஏறினால் அடுத்த குளிர்காலத்தில் ஹீட்டர் முனையில் வோல்ட் குறையும்.