டேனரி டிரம்முக்கு டச் ஸ்கிரீன் மட்டும் போதுமா?

சிப்காட்_பொறுப்பு:
ராணிப்பேட்டை பக்கம் ஒரு டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை. தோலையும் கெமிக்கலையும் போட்டுச் சுழற்றும் டிரம் ஆறு ஒரே வரிசையில் நிற்கிறது. இப்போது ஒவ்வொரு டிரம் பக்கத்திலும் ஒரு பெட்டி, அதில் ஸ்டார்ட், ஸ்டாப், ரிவர்ஸ். ரெசிபி மேஸ்திரி கையில் இருக்கும் அட்டையில். பேனல் சப்ளையர் பெட்டிகளைக் கழற்றிவிட்டு, எதிர்ச் சுவரில் 10 அங்குல டச் ஸ்கிரீன் ஒன்று வைக்கலாம் என்கிறார். டைமர், தண்ணீர், கெமிக்கல் அளவு, ஆறு டிரம் எல்லாம் அதிலேயே. ஓட்டுகிறவர்களில் தமிழ், உருது பேசுகிறவர்கள் பாதி, பீகார், ஒடிசா ஆட்கள் மீதி. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி_வடிவம்:
ஸ்கிரீன் போடுங்கள் சார். அட்டையில் வரும் தப்பு முக்கால்வாசி கணக்குத் தப்புதான். குரோம் (தோலைப் பதனிடும் உப்பு) 8 சதவீதம் என்று எழுதியிருக்கும். எந்த எடைக்கு 8? ஃபிளெஷிங் (தோலின் உள்பக்கச் சதையைச் சீவுவது) முடிந்து மறுபடி எடை போட்ட பிறகு அந்த எடைக்கு. ஆனால் அட்டையில் காலையில் எழுதிய, ஊறவைத்த தோலின் எடை அப்படியே நிற்கும். 1,200 கிலோவுக்கு 96 கிலோ போட வேண்டியவர் 1,400-க்குக் கணக்குப் போட்டு 112 கிலோ கொட்டுவார்.

ஸ்கிரீனில் சதவீதத்தைச் சின்னதாகவும் கிலோவைப் பெரிதாகவும் காட்டலாம். 25 கிலோ மூட்டையென்றால் "3 மூட்டை + 21 கிலோ" என்றே காட்டலாம், ஏனென்றால் கை தூக்குவது மூட்டையைத்தான். எடை எப்போது போட்டது என்ற நேரமும் பக்கத்தில் வரட்டும். இதை எந்தப் பொத்தான் பெட்டி செய்யும்?

பேர்ணாம்பட்டு_ஃபிட்டர்:
கணக்குக்கு ஸ்கிரீன் வெச்சுக்கோங்க, யார் வேணாம்னாங்க? பெட்டியை கழட்டுறதுதான் தப்பு. வரிசையா சொல்றேன்.

டிரம் பக்கத்துல நிக்கிறவன் கையில முட்டி வரைக்கும் ரப்பர் கிளவுஸ், அதுமேல சுண்ணாம்புத் தண்ணி. போன்ல இருக்கிற மாதிரி கெபாசிடிவ் ஸ்கிரீன் தடி கிளவுஸை கண்டுக்காது. ஆனா தண்ணி சொட்டு பட்டா விரல் பட்டதுன்னு நினைச்சுக்கும். ரெசிஸ்டிவ் ஸ்கிரீன் கிளவுஸோட வேலை செய்யும், அழுத்துறதுதான் அதுக்கு கணக்கு. ஆனா மேல் படலம் சீக்கிரம் கீறல் விழுந்து, அடிக்கடி தொடுற ஸ்டார்ட் இடம்தான் முதல்ல செத்துப் போகும்.

அடுத்தது எதிர்ச் சுவர். ஆள் டிரம்மை பாத்து நின்னா ஒண்ணாம் நம்பர் இடது பக்கம். திரும்பி சுவரை பாத்தா அதே ஒண்ணாம் நம்பர் வலது பக்கம் வந்துடும். ஸ்கிரீன்ல இடமிருந்து வலமா 1, 2, 3னு போட்டிருந்தா மூணாவது டிரம்முக்கு அழுத்த நினைச்சவன் கை நாலாவதுக்குத்தான் போகும். அந்த நாலாவது டிரம் கதவைத் திறந்து ஒருத்தன் தோல் இழுத்துக்கிட்டு இருப்பான்.

காட்பாடி_வடிவம்:
வரிசை தலைகீழாவது ஸ்கிரீனோட குற்றம் இல்லை, வைக்கும் இடத்தோட குற்றம். ஆறு பொத்தானை அந்தச் சுவரில் வைத்தாலும் அதேதான் நடக்கும். ஸ்கிரீனிலாவது 6, 5, 4 என்று மாற்றிப் போட முடியும்.

தொடும் பரப்பைப் பற்றி: போனுக்கு 9 மில்லிமீட்டர் போதும் என்பார்கள். ஆண்ட்ராய்டு சொல்லும் 48 டி.பி. (திரை அளவுக்கான அலகு) சுமார் அந்த அளவுதான். அது வெறும் விரலுக்கு. கிளவுஸ் கைக்கு 20 மில்லிமீட்டருக்குக் குறையாமல், நடுவே 6 மில்லிமீட்டராவது இடைவெளி விட்டுத்தான் நான் வரைவேன். உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் காட்டியதும் இதுதான்: இலக்கு சிறிதாகவும் தூரமாகவும் ஆக ஆக, கை போய்ச் சேர நேரம் கூடும். 10 அங்குலத்தில் ஆறு டிரம்மையும் ஒரே பக்கத்தில் திணித்தால் இந்த அளவு கிடைக்காது. முதல் பக்கத்தில் நிலை மட்டும், தொட்டால் அந்த டிரம்மின் பக்கம்.

பேர்ணாம்பட்டு_ஃபிட்டர்:
அங்கேதான் மாட்டிக்கிட்டீங்க. பக்கம் பக்கமா பிரிச்சா, ரெண்டாவது டிரம் பக்கம் திறந்திருக்கும்போது அஞ்சாவது டிரம்னு நினைச்சு ஸ்டாப் அழுத்துவான். ஒரே இடத்துல இருக்கிற ஒரே பொத்தான், பக்கத்தை பொறுத்து வேற வேற டிரம்மை நிறுத்துது. டிசைன் படிச்சவங்க இதை மோடு தப்புன்னு சொல்வீங்களே?

2017-ல சிங்கப்பூர் பக்கத்துல அமெரிக்கக் கடற்படையோட ஜான் எஸ். மெக்கெய்ன் கப்பல் எண்ணெய்க் கப்பல்ல மோதி பத்து பேர் செத்தாங்க. ஸ்டியரிங் கட்டுப்பாடு வேற கன்சோலுக்கு மாறிப்போனது ஓட்டுறவங்களுக்கே புரியல, ஸ்டியரிங்கே போயிடுச்சுன்னு நினைச்சாங்க. கப்பல் ஓட்டுற அந்த இடமும் டச் ஸ்கிரீன்தான். 2019-ல கடற்படையே வேகம் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலை திரும்ப கையால தள்ளுற லீவரா மாத்தப் போறோம்னு சொல்லிடுச்சு.

விஷாரம்_கெமிஸ்ட்:
கப்பலை விடுங்க பாய், டிரம்முக்கு வாங்க. ஸ்டார்ட், ஸ்டாப் ரெண்டும் ஒரே பொத்தானா இருக்கக் கூடாது, அது ஸ்கிரீனா இருந்தாலும் சரி, பெட்டியா இருந்தாலும் சரி. பாரம் ஏத்தின டிரம் ஸ்டார் டெல்டாவில் (மோட்டாரை மெதுவா கிளப்புற ஸ்டார்ட்டர்) வேகம் பிடிக்க சில விநாடி ஆகும். அழுத்தினதும் ஒண்ணும் தெரியலைன்னா ஆள் மறுபடி அழுத்துவான். முதல் அழுத்தல் ஓட்டும், ரெண்டாவது நிறுத்தும். பிறகு "பேனல் ரிப்பேர்"னு போன் வரும். ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள்ள "வேகம் பிடிக்கிறது"ன்னு காட்டிடணும். மோட்டார் நிஜமா சுத்த ஆரம்பிச்ச பிறகு மட்டும் "ஓடுகிறது"ன்னு மாறணும்.

என் கவலை வேற. சுண்ணாம்பு டிரம்மில் சோடியம் சல்ஃபைடு இருக்கும். அது சரியா கழுவிப் போகாம ஆசிட் இறங்கினா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். அளவு கூடினா மூக்கு மரத்துப்போகும், நாத்தம் போயிடுச்சேன்னு ஆள் தைரியமா குனிவான். இதுக்கு "கழுவியாச்சா? ஆம் / இல்லை"ன்னு ஒரு கேள்வி மட்டும் வெச்சா பிரயோஜனம் இல்ல. ஒரு ஷிஃப்ட்ல முப்பது தடவை ஆம் அழுத்துற விரல் முப்பத்தோராவது தடவையும் ஆம்தான் அழுத்தும்.

காட்பாடி_வடிவம்:
இதில் நாம் ஒரே பக்கம். தெராக்-25 என்ற கதிர்வீச்சு இயந்திரத்தில் 1985 முதல் 1987 வரை ஆறு பேருக்கு அளவு மீறிய டோஸ் போனது. "மால்ஃபங்ஷன் 54" என்று வரும், என்ன அர்த்தம் என்று தெரியாது, ஆப்பரேட்டர்கள் தொடர்வதற்கான ஒரு விசையை அழுத்திப் போய்க்கொண்டே இருப்பார்கள். முந்தைய மாடலில் இருந்த மின்சார இன்டர்லாக்கை (ஆபத்தான நிலையில் இயந்திரத்தை ஓடவிடாத பூட்டு) எடுத்துவிட்டு, சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள்.

அதனால் ஆம் / இல்லை வேண்டாம். பார்த்ததைக் கேளுங்கள். டீலைமிங் (தோலிலிருந்து சுண்ணாம்பை நீக்குவது) முடிந்ததும் தோலை வெட்டி பினால்ஃப்தலீன் (சுண்ணாம்பு மிச்சம் இருந்தால் ரோஸ் ஆகும் திரவம்) விடுவார்கள் அல்லவா? ஸ்கிரீன் "வெட்டுமுகம் எப்படி?" என்று கேட்டு, "முழுக்க ரோஸ்", "நடுவில் ரோஸ்", "நிறம் இல்லை" என மூன்று பெரிய தேர்வு தரட்டும். இடத்தை ஒவ்வொரு தடவையும் மாற்றாதீர்கள், அது எரிச்சலைத்தான் தரும். பார்க்காமல் அழுத்த அப்போதும் முடியும், ஆனால் கை பழக்கத்தில் தானாகப் போகாது.

விஷாரம்_கெமிஸ்ட்:
கேள்வி நல்லா இருக்கு. ஆனா பினால்ஃப்தலீன் சுண்ணாம்பு போச்சான்னுதான் சொல்லும், சல்ஃபைடு போச்சான்னு சொல்லாது. அதனால ஆசிட் வால்வு தனியா பூட்டியிருக்கணும்: கழுவுற தண்ணி அளவு ஃப்ளோ மீட்டர்ல பதிவாகாம திறக்கக் கூடாது. பிக்கிளிங்ல, அதாவது குரோமுக்கு முன்னாடி தோலுக்கு உப்பும் ஆசிட்டும் ஏத்தும்போது, ஆசிட்டை பத்து மடங்கு தண்ணியில கலந்து, ஆறவெச்சு, கால் மணிக்கு ஒரு தடவையா மூணு தவணையில விடுறோம். முதல்ல உப்பு போட்டு ஓட்டலைன்னா தோல் ஊதிடும். இந்த வரிசை முழுசும் ஸ்கிரீன்ல தெரியணும்: முடிஞ்சது, நடக்கிறது, அடுத்தது. மூணு வரி போதும், முழு ரெசிபியும் வேண்டாம்.

சிப்காட்_பொறுப்பு:
மொழிக்கு என்ன செய்வது? சப்ளையர் எல்லாவற்றுக்கும் படம் போட்டுவிடலாம் என்கிறார்.

காட்பாடி_வடிவம்:
நீர்த்துளிப் படம் போட்டால் அது தண்ணீரா, ஆசிட்டா, சாயமா? உப்பு, ஃபார்மேட், குரோம் மூன்றும் மூட்டைதான். படம் மட்டும் போதாது. சொல், எண், நிறம் மூன்றும் சேர்ந்து வரட்டும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு.

சப்ளையரிடம் முதலில் ஒன்று சோதியுங்கள்: விலை குறைந்த ஸ்கிரீன்கள் தமிழை ஒழுங்காகக் கோக்காது. "கொ" என்பதன் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறி நிற்கும். "தொடங்கு", "கொட்டு" இரண்டையும் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். வரவில்லையென்றால் எழுத்தைப் படமாக ஏற்ற வேண்டும், பிறகு ஒரு சொல் திருத்தவும் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

உருதுவுக்கு வலமிருந்து இடம் என்பதால் பக்கத்தையே கண்ணாடிப் பிம்பம்போல் திருப்புவதுதான் முறை.

பேர்ணாம்பட்டு_ஃபிட்டர்:
திருப்பக் கூடாது! ஷிஃப்ட் மாறும்போது ஒருத்தர் உருதுவுல விட்டுட்டு போவாரு, அடுத்தவர் வந்து ஸ்டாப் இருந்த இடத்துல ஸ்டார்ட்டை அழுத்துவாரு. எழுத்து வேணா திரும்பட்டும், பொத்தான் இருந்த இடத்துலயே இருக்கணும். கை எழுத்து படிச்சா அழுத்துது?

காட்பாடி_வடிவம்:
போனில் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். பலர் பங்கு போட்டு ஓட்டும் இயந்திரத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் பொத்தானும் அழியாத சொத்து இல்லை. டேனரி காற்றில் இருக்கும் சல்ஃபைடு வெள்ளி, செம்பு கான்டாக்ட்டைக் கறுக்க வைக்கும், அழுத்தினாலும் சிக்னல் போகாது.

பேர்ணாம்பட்டு_ஃபிட்டர்:
அதுக்குத்தான் பி.எல்.சி.க்கு (டிரம்மை ஓட்டுற கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) போற கம்மி கரன்ட் பொத்தானுக்கு தங்க முலாம் கான்டாக்ட், பெட்டிக்கு தூசியும் பீய்ச்சுற தண்ணியும் புகாத ஐ.பி. 66 தரம். ஸ்டாப்பை கான்டாக்ட் பிரிஞ்சா நிக்கிற மாதிரி வயர் பண்ணணும். அப்போ கறுத்துப்போனா டிரம் ஓடாது, அவ்வளவுதான். நிக்காம ஓடுறதைவிட அது மேல்.

ஸ்கிரீனுக்கு ஒருக்காலும் குடுக்கக் கூடாதது ரெண்டு. எமர்ஜென்சி ஸ்டாப்: மஞ்சள் தட்டு மேல சிவப்புக் குமிழ், தனி வயர், ஒவ்வொரு டிரம் பக்கத்துலயும். இன்னொண்ணு கதவை மேல கொண்டு வர டிரம்மை கொஞ்சம் கொஞ்சமா சுத்துற இன்ச்சிங். விரல் எடுத்தா நிக்கணும். ஸ்கிரீன்ல விரல் எடுத்த செய்தி கேபிள்ல தொலைஞ்சா, பி.எல்.சி. இன்னும் அழுத்தியிருக்குன்னு நினைச்சு சுத்திக்கிட்டே இருக்கும்.

சிப்காட்_பொறுப்பு:
அப்போ பெட்டி அப்படியே இருக்கட்டும், ஸ்கிரீன் ரெசிபிக்கு மட்டும். கரன்ட் போய் வந்தால்?

விஷாரம்_கெமிஸ்ட்:
தானா ஓடவே கூடாது. "ஆசிட் 2-ஆம் தவணை, 6 நிமிடம் ஓடியது, 11.20-க்கு நின்றது"ன்னு காட்டிட்டு ஆளுக்கு காத்திருக்கணும். இல்லைன்னா ரெண்டாவது தவணையை மறுபடி விடுவாங்க. எத்தனை தவணை போச்சுன்னு நினைவு வெச்சுக்கிற வேலை மனுஷனுக்கு வேண்டாம்.

காட்பாடி_வடிவம்:
ஆர்டர் கொடுக்கும் முன் ஸ்கிரீன் அளவுக்கே காகிதத்தில் பக்கங்களை வரைந்து, கிளவுஸ் போட்ட ஆளிடம் "மூன்றாவது டிரம்முக்கு 1,150 கிலோ எடை ஏற்று" என்று மட்டும் சொல்லுங்கள். வேறு எதுவும் விளக்காதீர்கள். எங்கே விரல் தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் போதும் என்று பயன்பாட்டு வடிவ நிபுணர் நீல்சன் சொன்ன கணக்கு உண்டு: ஒரு குறையை ஒருவர் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 31 சதவீதம் என்றால் ஐந்து பேரில் சுமார் 84 சதவீதக் குறை வெளியே வரும்.

விஷாரம்_கெமிஸ்ட்:
ஒரே மாதிரி அஞ்சு பேருக்குத்தான் அந்தக் கணக்கு. தமிழ் படிக்கிறவங்க, உருது மட்டும் படிக்கிறவங்க, ரெண்டும் படிக்காதவங்கன்னு மூணு கூட்டம் இருக்கு. கூட்டத்துக்கு மூணு நாலு பேராவது வேணும், அதுல பாதி நைட் ஷிஃப்ட்.

சிப்காட்_பொறுப்பு:
கடைசியாக ஒன்று. ரெசிபியில் ஒரு படியைத் தாண்டும் உரிமை மேஸ்திரிக்கு வேண்டும். பாஸ்வேர்டா, சாவியா?

காட்பாடி_வடிவம்:
பாஸ்வேர்டு. யார், எப்போது தாண்டினார் என்று பதிவாகும்.

பேர்ணாம்பட்டு_ஃபிட்டர்:
நாலே நாள்ல அந்த பாஸ்வேர்டு பேனல் மேலயே மார்க்கர்ல எழுதியிருக்கும். சாவி போடுங்க.

விஷாரம்_கெமிஸ்ட்:
சாவி பேனல்லயே தொங்கும் பாய். எதைப் போட்டாலும் ஆசிட் வால்வு பூட்டை மட்டும் இதுல சேர்க்காதீங்க. அதை மேஸ்திரியும் தாண்டக் கூடாது.